ஒரே கூட்டம், பல நிறம்: புறாக்களும் அவற்றின் ஒட்டுண்ணிகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் அதன் உயரத்தை வியப்பர். அங்கே வந்தமரும் புறாக்களைக் கூர்ந்து பார்ப்போர் சிலரே. கூர்ந்து பார்த்தால் ஒரு வினா தோன்றும். அதே வீதியில் திரியும் காக்கைகள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றன. மைனாக்களும் அப்படியே. சிட்டுக்குருவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டே தவிர, ஆணுக்கு ஆண் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஊர்ப்புறாக் கூட்டம் மட்டும் இவ்விதிக்கு அடங்குவதில்லை. சாம்பல் நிறச் சிறகில் இரண்டு கருங்கோடு உடையது ஒன்று, சிறகெல்லாம் கட்டம் கட்டமாகக் கறுத்தது ஒன்று, முழுக் கருப்பு ஒன்று, செவலை ஒன்று, வெள்ளை ஒன்று. ஒரே தானியத்தைத் தின்று ஒரே மாடத்தில் உறங்கும் பறவைகளுக்குள் இத்தனை நிற வேற்றுமை ஏன்? இதனால் பறவைக்கு இலாபமா, நட்டமா?

இவ்வினாவுக்கு விடை தேடிய அறிவியலாரில் சிலர் புறாவின் இரத்தத்திலும் இறகிலும் வாழும் ஒட்டுண்ணிகளிடம் சென்று நின்றனர். நிறத்திற்கும் ஒட்டுண்ணிக்கும் என்ன உறவு என்பதை, பாடநூலில் கண்டதையும் ஊரில் கண்டதையும் கொண்டு, மாணவ நண்பர்களுக்கு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டுப் புறாவும் ஊர்ப்புறாவும்

நம் பகுதியில் புறாக் குடும்பத்துப் பறவைகள் பல உள்ளன. வயல்வரப்பிலும் கருவேலங் காட்டிலும் மணிப்புறாவையும் தவிட்டுப்புறாவையும் காணலாம். ஆலமரமும் அரசமரமும் பழுத்தால் பச்சைப்புறா வரும். மலையடிவாரக் காட்டில் மரகதப்புறா உண்டு. அதுவே தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. மலையின் மேலே, சோலைக் காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறா வாழ்கிறது. இவற்றில் ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு நிறத்தை மாறாமல் காத்து வருகிறது. கழுத்தில் கருப்பு வெள்ளைப் புள்ளி இல்லாத வளர்ந்த மணிப்புறாவைக் காண்பது அரிது.

கோபுரத்தில் வாழ்வது மாடப்புறா. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிடித்துப் பழக்கிய இனம் இது. வளர்ப்போர் விரும்பிய நிறங்களைத் தேர்ந்து இணை சேர்த்ததால் கருப்பும் வெள்ளையும் செவலையும் பெருகின. அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் இருபதாயிரம் புறாக்கள் இருந்தன என்று அபுல் பாசல் எழுதியுள்ளார். கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் புறாக்கள் கோபுரங்களிலும் ஆலைக் கூரைகளிலும் காட்டு மாடப்புறாவோடு கலந்துவிட்டன. இன்று நாம் காணும் நிறக்கலவை அதன் பயனே.

டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலின் முதல் இயலிலேயே புறாக்கள் இடம்பெற்றுள்ளன. வெள்ளை விசிறிவால் புறாவையும் கருப்பு நிறப் புறா வகை ஒன்றையும் கலந்து வளர்த்தபோது, பேரக் குஞ்சுகளில் ஒன்று சாம்பல் நீல உடலும் இரட்டைக் கருங்கோடும் கொண்டு காட்டு மாடப்புறாவைப் போலவே பிறந்ததை அவர் எடுத்துக்காட்டினார். எல்லா வளர்ப்புப் புறாக்களும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டார். இந்நூலில் நம் மாநிலத்திற்கும் பங்குண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாய் இருந்த வால்டர் எலியட் இந்தியப் புறாத் தோல்களை அவருக்கு அனுப்பி உதவினார். டார்வின் அவர் பெயரைச் சொல்லி நன்றி பாராட்டியுள்ளார். ஐரோப்பிய மாடப்புறாவின் இடுப்பு வெள்ளையாகவும், இந்திய மாடப்புறாவின் இடுப்பு நீலச் சாம்பலாகவும் இருப்பதை அந்நூல் குறிப்பிடுகிறது. புறா இறக்கை விரித்துத் திரும்பும் நேரத்தில் நாமும் இதைக் காணலாம்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலையும் தலைமுடியையும் கறுப்பாக்கும் மெலனின் என்னும் நிறமியே புறாவின் இறகுக்கும் நிறம் தருகிறது. மெலனினில் இருவகை உண்டு. ஒன்று கருமை தரும். மற்றது செம்பழுப்பு தரும். கருமை நிறமி இறகிழையில் பரவலாக நிறைந்தால் இறகு கருப்பாகத் தெரியும். அதே நிறமி சிறு சிறு திட்டாகத் திரண்டு நின்றால் சாம்பல் நீலமாகத் தெரியும். நிறமியே படியாவிட்டால் வெள்ளை. கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னுவது மட்டும் தனி நிறமியால் அன்று; இறகின் மெல்லிய படலத்தில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் மினுக்கம் அது.

எந்த நிறமி எவ்வளவு, எங்கே படிய வேண்டும் என்பதை மரபணுக்கள் ஆள்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் புறா நிறத்தின் மூன்று முக்கிய மரபணுக்களை அடையாளம் கண்டனர். கட்டச் சிறகுக்குக் காரணமான மரபணு வடிவம், ஆப்பிரிக்கப் புள்ளிப்புறாவோடு நடந்த பழைய கலப்பில் மாடப்புறாவுக்குள் வந்தது என்று 2018ஆம் ஆண்டில் காட்டினர். அந்த மரபணுவின் மற்றொரு பழுதான வடிவம் சிறகில் கோடே இல்லாத புறாவை உண்டாக்குகிறது. அத்தகைய புறாக்களுக்குப் பார்வைக் குறை இருப்பதாக வளர்ப்போர் முன்பே சொல்லி வந்தனர். மனிதரில் இதே மரபணு பழுதானால் ‘நாரி நோய்’ என்னும் பிறவிக் குருடு வருகிறது. நிறத்தை ஆளும் மரபணு நிறத்தோடு நிற்பதில்லை. உடலின் வேறு வேலைகளிலும் கை வைக்கிறது என்பது இதனால் விளங்கும். பின்னால் வரும் செய்திக்கு இதுவே அடிப்படையாதலின் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

புறா வளர்ப்போர் இவற்றில் சிலவற்றை அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். என் தகப்பனார் இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவோடு அவர் படிப்பு நின்றது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மொட்டை மாடியில் புறா வளர்க்கும் அவர் ஒருநாள் சொன்னார்: “சாம்பச் சேவலுக்கும் செவலைப் பெட்டைக்கும் சோடி போட்டா, குஞ்சு நிறத்தப் பாத்தே சொல்லிரலாம்டா. செவலையா இருந்தா சேவல், சாம்பலா இருந்தா பெட்டை. வால் வெளுத்த செவலைக்குத்தான் இது. முழுச் செவலைக்கு ஒத்து வராது.”

பால்சார்ந்த மரபுக் கடத்தலை வகுப்பில் கற்றபோது இதன் காரணம் விளங்கிற்று. பறவைகளில் ஆணுக்கு இரண்டு ‘இசட்’ குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒன்றே. வால் வெளுத்த செவலை நிறத்தைத் தரும் மரபணு இசட்டில் அமைந்துள்ளது. அது சாம்பலை அடக்கும் ஓங்கு பண்பு. செவலைத் தாயின் ஒரே இசட் மகனுக்கே போகும். ஆகவே மகன் செவலை. மகளுக்குத் தந்தையின் சாம்பல் இசட் மட்டுமே கிடைக்கும். ஆகவே மகள் சாம்பல். முழுச் செவலை நிறத்தை ஆளும் மரபணுவோ இசட்டில் இல்லை. வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. ஆகையால் அதற்கு இவ்விதி பொருந்தாது. நூலறியாத அனுபவமும் நூலும் ஒரே உண்மையை இரு வழியில் வந்தடைகின்றன என்பதை அன்று கண்டேன்.

குருதியில் ஒரு குடித்தனம்

புறாவின் சிவப்பணு நம்முடையதைப் போல் வட்டமானதன்று. அது நீள்வட்டம், நடுவே உட்கரு உண்டு. நோயுற்ற புறாவின் இரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சில அணுக்களில் உட்கருவைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஓர் உயிரைக் காணலாம். அதன் பெயர் ஹீமோபுரோட்டியஸ் கொலம்பே. 1890ஆம் ஆண்டு குருசே என்பார் பெயரிட்ட இவ்வுயிர், மலேரியா ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவினம்.

மலேரியாவைப் பரப்புவது கொசு. இதைப் பரப்புவதோ புறா ஈ. தட்டையான உடலும் பற்றிக்கொள்ளும் நகங்களும் கொண்ட இந்த ஈ, இறகுகளுக்கிடையே நண்டு போல் பக்கவாட்டில் ஓடும். புறாவைக் கையில் பிடித்தவர்கள் இதனை அறிவர். ஆண் பெண் இரண்டும் இரத்தம் குடிக்கும். பெண் ஈ முட்டை இடுவதில்லை. புழுவைத் தன் வயிற்றிலேயே வளர்த்து, கூட்டுப்புழுவாகும் பருவத்தில் கூட்டின் தூசியில் விடுகிறது. எனவே கூட்டின் குப்பையைக் கூட்டி அள்ளுவதே ஈயை ஒழிக்கும் எளிய வழி.

ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி அதன் எச்சிலோடு புறாவின் உடலில் நுழைகிறது. நுரையீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் பல்கிப் பெருகுகிறது. பின் சிவப்பணுக்களில் புகுந்து, அடுத்த ஈ வந்து உறிஞ்சும் வரை காத்திருக்கிறது.

பறவை மலேரியா ஆராய்ச்சியில் நம் நாட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. 1898ஆம் ஆண்டு கல்கத்தாவில் ரொனால்டு ராஸ், பறவை மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்று மெய்ப்பித்தார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். புறாவின் ஒட்டுண்ணியை ஈ பரப்புகிறது என்று 1906இல் அல்ஜீரியாவில் செர்ஜென்ட் சகோதரர்கள் காட்டினர். ஒட்டுண்ணி அந்த ஈயின் உடலுக்குள் எவ்வாறு வளர்கிறது என்பதை இந்தியாவில் ஆராய்ந்து 1915இல் எழுதியவர் ஹெலன் ஏடி என்னும் பெண்மணி. பாடநூல்களில் அவர் பெயர் அதிகம் காணப்படுவதில்லை; ஆதலின் இங்கு எழுதினேன்.

இறகில் ஒளியும் பேன்

இரண்டாவது ஒட்டுண்ணி இறகுப்பேன். மாடப்புறாவில் முக்கியமாக இருவகை உண்டு. ஒன்று ஒல்லியாய் நீண்டது. சிறகிறகின் இழைகளுக்கிடையே பொருந்திப் படுத்துக்கொள்ளும். மற்றது உருண்டையானது, உடலிறகுகளில் வாழும். இவை இரத்தம் குடிப்பதில்லை. மென்மையான தூவியைத் தின்கின்றன. தூவி குறைந்தால் உடல் வெப்பம் வெளியேறும். அதை ஈடுகட்டப் புறா கூடுதலாக உணவை எரிக்க வேண்டும்.

புறாவின் ஆயுதம் அதன் அலகு. மேல் அலகின் நுனி கீழ் அலகைத் தாண்டிச் சிறிது வளைந்து நிற்கும். அந்தச் சிறு வளைவை மட்டும் தேய்த்து அகற்றிய புறாக்களில் பேன் பெருகிற்று என்று 2005ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. இரை பொறுக்க உதவுவதாக நாம் எண்ணும் அலகு, பேன் சீப்பாகவும் அமைந்திருக்கிறது!

இனி நிறத்துக்கு வருவோம். யூட்டா ஆய்வாளர்கள் சாம்பல் புறாக்களின் பேன்களை எடுத்து வெள்ளை, கருப்பு, சாம்பல் நிறப் புறாக்களின் மேல் விட்டு நான்கு ஆண்டுகள் கவனித்தனர். அது பேன்களுக்கு ஏறத்தாழ அறுபது தலைமுறை. வெள்ளைப் புறாவின் பேன்கள் வெளுத்தன. கருப்புப் புறாவின் பேன்கள் கறுத்தன. அலகால் கோத முடியாதபடி செய்யப்பட்ட புறாக்களின் பேன்களில் இம்மாற்றம் ஏற்படவில்லை. கண்ணுக்குப் பட்ட பேனைப் புறா கொத்தித் தின்றது. கண்ணுக்குத் தப்பியது பிழைத்துப் பெருகிற்று. 2019ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வில், டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு ஒரு புறாவின் முதுகிலேயே நான்கு ஆண்டில் நடந்து காட்டியது எனலாம்.

கருத்த புறாவுக்கு நோய் குறைவா?

பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் பாரீஸ் பகுதியின் ஊர்ப்புறாக்களைப் பிடித்து, அவற்றின் நிறத்தையும் இரத்த ஒட்டுண்ணிகளையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டனர். கருமை மிகுந்த புறாக்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் குறைவாக இருந்தன. அவற்றின் நோயெதிர்ப்புத் திறனும் வலுவாய் இருந்தது.

இதற்குக் கூறப்படும் விளக்கங்கள் சில. முதலாவது, ஒரு பொருள் பல வேலை செய்வது. மெலனின் உண்டாகத் தூண்டும் உடற்சுரப்பு, நோயெதிர்ப்பையும் உடலின் அயர்ச்சியைத் தாங்கும் ஆற்றலையும் தொடுகிறது. கோடில்லாப் புறாவின் கண்ணை இங்கே நினைவு கூர்க. இரண்டாவது, மெலனின் உலோகங்களைப் பற்றும் தன்மையுடையது. கருத்த புறாக்களின் இறகில் துத்தநாகம் மிகுந்திருப்பது 2014இல் கண்டறியப்பட்டது. நகரத் தூசியில் உள்ள மிகை உலோகத்தை உடலிலிருந்து இறகுக்கு ஒதுக்கிவிட இது உதவலாம். மூன்றாவது, மெலனின் நிறைந்த இறகு உறுதியானது. இறகை அரிக்கும் பாக்டீரியாக்கள் கருப்பு இறகை வெள்ளையைவிட மெதுவாகவே சிதைக்கின்றன.

ஆனால் இங்கே நாம் அவசரப்படலாகாது. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. பிடிபட்டவை உயிரோடிருந்த புறாக்கள் மட்டுமே. ஒட்டுண்ணி மிகுந்த கருப்புப் புறாக்கள் முன்னரே இறந்திருந்தால், மிஞ்சியவற்றில் ஒட்டுண்ணி குறைவாகத் தெரிவது இயல்பே! குஞ்சுகளைக் கூடு மாற்றி வளர்த்தும், ஒரே அளவு நோயைத் தந்து ஒப்பிட்டும் பார்த்த பின்னரே காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலும்.

அப்படியே கருமை நல்லதென்றால் எல்லாப் புறாவும் கறுத்துவிடாதது ஏன்? நிறத்தை எடைபோடும் தராசு ஒன்றன்று, பல. மான்செஸ்டர் நகரில் 1970களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, கருத்த புறாக்கள் குளிர்காலத்திலும் இனம் பெருக்குவதைக் காட்டியது. தீனி ஆண்டு முழுதும் கிடைக்கும் நகரத்தில் அது ஆதாயம். கிடைக்காத இடத்தில் வீண் செலவு. கலிபோர்னியாவில் வல்லூறுகளை ஆராய்ந்தோர், வெள்ளை இடுப்புப் புறாக்கள் வல்லூறிடம் குறைவாகவே அகப்படுவதை 2005இல் தெரிவித்தனர். இடுப்பிறகுகளை மாற்றி ஒட்டியபோது தப்பும் வாய்ப்பும் மாறியது. இவ்வாறு நோய், தீனி, வேட்டைப்பறவை, வளர்ப்போரின் ஆசை எனப் பல கைகள் இழுப்பதால் நிறங்கள் பலவும் நிலைத்திருக்கின்றன.

நம் மலைக்கும் மனைக்கும் என்ன தொடர்பு?

புறாக்களின் தொண்டையில் வாழும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒரு செல் உயிரி, வாயில் மஞ்சள் கட்டியை உண்டாக்கி இரை விழுங்க முடியாமல் கொல்லும். தாயும் தந்தையும் ஊட்டும் புறாப்பால் வழியே குஞ்சுக்கும், தண்ணீர்த் தொட்டி வழியே பிற புறாக்களுக்கும் இது பரவும். மொரிசியசுத் தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990ஆம் ஆண்டையொட்டிக் காட்டில் பத்து அளவுக்குக் குறைந்தது. பெரும் பாடுபட்டு மீட்டபோது, அதன் குஞ்சுகளை இந்நோய் கொன்றது பெரிய தடையாயிற்று. நம் ஊரின் மேற்கே உள்ள மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மலையடிவாரக் கோயில்களில் நாம் தானியம் இறைத்தால் ஊர்ப்புறாவும் மரகதப்புறாவும் ஒரே இடத்தில் கூடும். ஒன்றின் நோய் மற்றதற்குச் செல்ல வழி பிறக்கும். தானியத்தை ஊரோடு நிறுத்துவதும், வீட்டில் வைக்கும் தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் கழுவுவதும் நாம் செய்யக்கூடிய சிறு உதவிகள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குப் புறா இரத்தம் தடவினால் குணமாகும் என்று நம் பகுதியில் இன்றும் சொல்கிறார்கள். என் அப்பத்தாவுக்கு ஒரு விடியற்காலையில் கைகால் இழுத்துக்கொண்டது. புறா தேடி அலைந்ததில் பாதிப் பகல் போயிற்று. அதன் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அவரது வலக்கை இன்றுவரை திரும்பவில்லை. மூளைக் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. உடனே கொண்டு போயிருந்தால் கை திரும்பியிருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் புறாவின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை இன்று நான் அறிவேன்: உட்கருவுள்ள சிவப்பணுக்களும், சில வேளை அவற்றுள் சுருண்டு கிடக்கும் ஒட்டுண்ணியும். அந்த ஒட்டுண்ணி மனிதரைத் தொற்றாது. ஆயினும் அடைத்த குழாயைத் திறக்கும் மருந்து அதில் இல்லை. மணிப்புறா, பச்சைப்புறா முதலிய காட்டுப் புறாக்களைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இச்செய்தியை வகுப்பறையோடு விடாமல், ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் நாலு பேரிடம் சொல்ல வேண்டுகிறேன்.

ஆராய்ச்சி என்றதும் பெரிய நகரங்களும் விலையுயர்ந்த கருவிகளும் நினைவுக்கு வருகின்றன. பறவையைப் பிடிக்காமலே, நோட்டும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடிய வேலை இங்கே காத்திருக்கிறது. கோபுரம், பேருந்து நிலையம், ஆலைக் கூரை, மலையடிவாரம் என நான்கு இடங்களை எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் எந்த நிறப் புறா எத்தனை என்று எண்ணிக் குறிக்கலாம். ஓராண்டு எண்ணினால் ஓர் அட்டவணை கிடைக்கும். நமக்குப் பின் வரும் வகுப்புகள் தொடர்ந்தால் பத்தாண்டில் அது ஒரு சான்றாகிவிடும். விருப்பமுள்ள நண்பர்கள் முன்வந்தால், நம் துறை ஆசிரியர்களின் வழிகாட்டுதலோடு இவ்வாண்டே தொடங்கலாம்.